ஏரியில் படகு விடுமுன் தண்ணீர்க் கணக்கு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே புதுச்சேரியில் ஏரிகளில் படகு விடும் பேச்சும் கிளம்பிவிடும். ஊசுட்டேரி, வேல்ராம்பட்டு ஏரி, கனகன் ஏரி என்று பெயர்கள் அடிபடும். எத்தனை படகு, தலைக்கு எவ்வளவு கட்டணம், செல்ஃபி எடுக்க மேடை எங்கே என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எந்த ஏரியில் எந்த மாதம் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. மற்ற எல்லா முடிவும் அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

புதுச்சேரிப் பகுதியில் கணக்கில் உள்ள 84 ஏரிகளும் உல்லாசத்துக்கு வெட்டியவை அல்ல, பாசனத்துக்கு வெட்டியவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். அங்கே கட்டிய படகுத்துறையின் படத்தை எடுத்துவந்து இங்கே அப்படியே வரைபடம் போடுவது வழக்கமாகிவிட்டது. நம் நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். கரையோரம், அதிலும் மதகுக்கு எதிரே, ஆழம். மேற்கே, தண்ணீர் பரந்து நிற்கும் உள்வாய்க்குப் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, பிறகு கோரையும் சேறும்தான். ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலிங்கல் வழிகிற நாளில்கூட உள்வாயின் நிலை அதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் கடல் மாதிரி விரிந்து தெரிவதில் படகுக்கு உதவும் தண்ணீர் கரையோரத்து ஒரு பட்டை மட்டுமே.

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வரத்து வாய்க்காலிலும் ஏரி நிரம்புகிறது. மார்கழியில் முழு மட்டம். தை முதல் பங்குனி வரை மதகு வழியே வயலுக்குப் போகிறது. சித்திரை பிறந்ததும் வெயில் மட்டுமே நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் குடித்துவிடும். மாதத்துக்கு 20 சென்டிமீட்டர், நான்கு மாதத்தில் 80. கசிவும் பாசனமும் இதற்கு மேல். ஆக, தண்ணீர் நிறைய இருக்கும் மாதங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை. வலசைப் பறவைகள் வந்து தங்குவதும் அதே மாதங்களில்தான். சுற்றுலாக் கூட்டமும் பள்ளி விடுமுறையும் ஏப்ரல், மே. அப்போது தண்ணீர் இறங்கியிருக்கும். இந்த முடிச்சை முதலில் அவிழ்க்காமல் படகு வாங்கினால், ஜனவரியில் பறவையைத் துரத்துவோம், மே மாதத்தில் சேற்றில் சிக்கிய படகைக் கயிறு கட்டி இழுப்போம்.

எனவே மூன்று ஏரிக்கும் ஒரே திட்டம் போடக் கூடாது. ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர், ஏறத்தாழ பாதி நம்முடையது, மீதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில். நம் பகுதியை 2008-லும் தமிழகப் பகுதியை 2015-லும் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கே அனுமதி வேண்டும். உள்ளே வரும், வெளியே போகும் தண்ணீரை அனுமதியில்லாமல் திருப்பவோ நிறுத்தவோ கூடாது. வணிக விடுதி கட்ட தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும். இந்த ஏரியில் மோட்டார் படகு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. துடுப்புப் படகும் கரையை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும். விசைப்படகு ஆசை உள்ளவர்களுக்கு நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு இருக்கிறது; அது கழிமுகம், கடல் ஏற்றவற்றத்தில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். ஊர் மக்கள் மாலையில் வந்து துடுப்புப் போட, பிள்ளைகள் கயாக் என்னும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு பழக, வேல்ராம்பட்டும் கனகன் ஏரியும்தான் பொருத்தம். சின்ன ஏரி என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மீட்புப் படகு சில நிமிடத்தில் எந்த மூலைக்கும் போய்விடக்கூடிய ஏரி பெரிய ஏரியைவிட மேல்.

முதல் வேலை ஆழம் அளப்பது. ஆலோசனை நிறுவனமும் எதிரொலிக் கருவியும் வந்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நாலு மீட்டர் சவுக்குக் கழி ஒன்று, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டமாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்தது. அடியில் ஒரு சாண் அகல இரும்புத் தட்டு பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழி வண்டலுக்குள் இறங்கி, இல்லாத ஆழத்தைக் காட்டும். மீனவர் படகில் இரண்டு பேர், ஐம்பது மீட்டருக்கு ஒரு புள்ளி, கைப்பேசியில் இடக்குறிப்பு. தட்டு நின்ற ஆழத்தை எழுதிக்கொண்டு, தட்டில்லாத இன்னொரு கழியை அழுத்தி வண்டலின் கனத்தையும் எழுத வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மார்பளவுத் தண்ணீரில் விழுந்தவன் எழுந்து நின்றுவிடுவான் என்று நினைக்கிறோம். கீழே முழங்கால் புதையும் வண்டல் இருந்தால் அவனால் காலை உருவ முடியாது. உருவ முயன்று குப்புற விழுவான். மண் எடுத்த குழிகள் இதைவிட மோசம். இடுப்பளவில் நடந்து போகும்போதே அடுத்த அடி தலைக்கு மேல் போகும். ஏரிகளில் ஆண்டுதோறும் பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் இந்தக் குழிகளில்தான். அளக்கும்போது அகப்பட்ட ஒவ்வொரு குழியையும் மிதவை போட்டு அடையாளம் வைக்க வேண்டும்.

மிதவைக்கு வெளிநாட்டுச் சரக்கு தேவையில்லை. இருபது லிட்டர் குடிநீர் கேனை மூடி ஒட்டி ஆரஞ்சு வண்ணம் அடித்தால் போதும். நங்கூரத்தில்தான் தவறு நடக்கும். பத்து லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றினால் தரையில் 24 கிலோ இருக்கும், தண்ணீருக்குள் 14 கிலோதான். நல்ல காற்றில் அது நகர்ந்துவிடும், எல்லைக்கோடும் கூடவே நகர்ந்துவிடும். இருபது லிட்டர் வாளியே வேண்டும். எட்டு மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு, முழு மட்ட ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். கோடையில் மட்டம் இறங்கும்போது கயிறு தளர்ந்து மேலே மிதந்து துடுப்பிலும் இயந்திர விசிறியிலும் சுற்றும். கயிற்றின் நடுவில் அரைக் கிலோ இரும்புத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் தளர்ந்த பகுதி கீழேயே தொங்கும்.

எத்தனை படகு என்பதற்கும் கணக்கு உண்டு. கரையோரம் 400 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம் என்று பட்டை ஒதுக்கினால் 6 ஹெக்டேர். ஒன்றோடொன்று இடிக்காமல் பழக்கமில்லாதவர்கள் ஓட்ட, படகுக்குக் கால் ஹெக்டேருக்குக் குறையாமல் இடம் வேண்டும். அப்படியானால் இருபது, இருபத்திரண்டு படகு. ஐம்பது வாங்கினால் முப்பது கரையில் கிடந்து வெயிலில் வெடிக்கும், அல்லது ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உள்ளே இறங்கி மோதும். ஆழத்தில், பெடல் படகுக்கும் துடுப்புப் படகுக்கும் முக்கால் மீட்டர், கயாக்குக்கு அரை மீட்டர் இருந்தால் ஓடலாம். விசைப்படகு ஒன்றரை மீட்டருக்குக் கீழே ஓடவே கூடாது. விசிறி வண்டலைக் கிளப்பிவிடும், வண்டலில் உறங்கும் உரச்சத்து மேலே வரும், பத்து நாளில் ஏரி பச்சைச் சாயம் கரைத்ததுபோல ஆகும். பழைய இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) பெட்ரோல் இயந்திரத்தில் ஊற்றும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு எரியாமலே தண்ணீரில் கலக்கிறது என்பதும் கூடுதல் கேடு.

மீட்புப் படகுக்கு மட்டும் ஏதாவது இயந்திரம் வேண்டும். சின்ன ஏரிக்கு மின் மோட்டார் போதும். 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளு விசை மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் ஒரு மணி நேரம்தான் ஓடும். லித்தியம் என்றால் ஒன்றே முக்கால் மணி. அதனால் இரண்டு பேட்டரி, ஒன்று எப்போதும் சார்ஜில். ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றினால் எந்த மோட்டாரும் நின்றுவிடும், ஆகவே அதே படகில் இரண்டு துடுப்பும் ஒரு கத்தியும் கட்டாயம்.

படகுத்துறைக்கு வருகிறேன். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. கான்கிரீட் தூண் நிறுத்திப் படி கட்டினால் பொங்கலுக்குப் படி தண்ணீருக்குள் இருக்கும், மே மாதம் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்துப் பதினைந்து மீட்டர் சேறு இருக்கும். மிதக்கும் துறைதான் நம் ஏரிக்குச் சரி. கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் மிதவைப் பெட்டி 50 செ.மீ நீளம், 50 அகலம், 40 உயரம். ஒரு பெட்டி 90 கிலோ வரை தாங்கும். 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத் துறைக்கு 80 பெட்டி. மொத்தத் தாங்குதிறன் ஏழு டன்னுக்கு மேல் வரும் என்பதால் அகலத்தைக் குறைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். ஒப்புக்கொள்ளக் கூடாது. பத்துப் பேர் ஒரே ஓரத்தில் கூடி நின்றால் ஒரு மீட்டர் அகலத் துறை சாயும்; இரண்டரை மீட்டர் என்றால் இன்னும் நல்லது. கயாக் ஏற 40 செ.மீ உயரம் அதிகம், அதற்கு 25 செ.மீ பெட்டி தனியாக வேண்டும். படகுச் சவாரியில் தண்ணீரில் விழுபவர்களில் பலர் நடு ஏரியில் விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள்.

கரைக்கும் மிதவைக்கும் நடுவே சாய்பாலம் வேண்டும். சக்கர நாற்காலி போக 12-க்கு 1 சரிவு, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம். நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் இறங்கினால் 18 மீட்டர் நீளம் வேண்டும் என்று அர்த்தம். முதியோரும் ஊனமுற்றோரும் ஏரிக்கு வரவே முடியாமல் போவதற்கு இந்த நீளத்தை மிச்சம் பிடிப்பதுதான் காரணம். இன்னொன்று: சாய்பாலத்துக்கும் கைப்பிடிக்கும் கம்பம் நட ஏரிக்கரையைத் தோண்டவே கூடாது. கரை என்பது மண்ணை அடுக்கி இறுக்கியது. கம்பம் நட்ட துளையின் ஓரமாகத் தண்ணீர் நூலாகக் கசியும், கசிவோடு மண் போகும், அடுத்த பெருமழையில் அந்த இடம்தான் உடையும். கரையின் மேல் கனமான கான்கிரீட் கட்டியை வைத்துச் சங்கிலி போடலாம். கரைச் சரிவில் டைல்ஸ் பதிப்பதையும் இதே காரணத்துக்காக எதிர்க்கிறேன். கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஏரியைக் கண்காணிக்கும் லஸ்கர் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க மண் தெரிய வேண்டும்.

உணவகம், கழிப்பறை, டிக்கெட் கூடம் எல்லாம் கரைக்கு வெளியே. 2017-ம் ஆண்டு ஈரநில விதிகளில் நல்ல அளவு ஒன்று உண்டு: கடந்த பத்தாண்டுச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது. பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது என்று வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும் அளவு சரியான அளவுதான்.

லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேசாத திட்டம் கிடையாது, ஆனால் எல்லாம் 'வழங்கப்படும்' என்பதோடு சரி. எந்த ஜாக்கெட்? பெரியவர்களுக்கு 100 நியூட்டன் மிதப்பு, அதாவது சுமார் பத்துக் கிலோ தாங்கும் விசை உள்ளது, முகத்தை மேலே திருப்பி வைக்கும் கழுத்துப்பட்டை உள்ளது. 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்த கயாக் ஓட்டிக்குத்தான். சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பத்துக் கிலோ இரும்பு எடைக்கல்லை ஜாக்கெட்டில் கட்டி மதகுத் தொட்டியில் போடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் ஒன்றேகால் கிலோ இழக்கும்; 100 நியூட்டன் ஜாக்கெட் என்றால் அதைச் சுமந்து மிதக்க வேண்டும். மூழ்கினால் அது வெறும் ஆரஞ்சுச் சட்டை. குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு நடுவே போகும் வார் இல்லாத ஜாக்கெட் ஆபத்து. குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும்.

மக்கள் ஏன் போட மறுக்கிறார்கள்? நாற்றம். முந்தைய ஆளின் வியர்வையோடு ஈரமாக அடுக்கி வைத்ததை யார்தான் போடுவார்கள்? இருபது இருக்கைக்கு இருபது ஜாக்கெட் என்று வாங்குவது தவறு. நாற்பது வேண்டும், ஒரு பாதி உடம்பில், மறு பாதி அலசி நிழலில் காய. கூடவே குழந்தை அளவு பன்னிரண்டு, எடை எழுதி. வெயிலில் காயப்போட்டால் தையல் இற்றுப்போகும். மூட்டையாக அடுக்கினால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி மிதப்புப் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடைக்கல் சோதனை, தோற்றதைக் கத்தியால் கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் கூட்ட நாளில் அது மறுபடி கொக்கியில் தொங்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு நடந்ததையே சொல்லலாம். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30, படகு கவிழ்ந்து இறந்தவர்கள் 45 பேர். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் 22 பேர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7, மறுபடி 22 பேர். வடோதரா ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18, பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். கடைசியாகச் சொன்னது நம் ஏரிகளைப் போன்ற நகர ஏரி. அலையும் இல்லை, சுழலும் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றியதும், எல்லோருக்கும் ஜாக்கெட் இல்லாததும் போதுமானதாக இருந்தது.

அளவு என்ன என்பதைப் படகின் மேலேயே எழுதிவிடலாம். ஆறு பேர் படகு என்றால் ஆளுக்கு 75 கிலோ, மொத்தம் 450 கிலோ. 25 கிலோ மணல் மூட்டை 18. ஏற்றி, பிறகு பன்னிரண்டை ஒரே பக்கமாக நகர்த்துங்கள். எல்லோரும் பறவையைப் பார்க்க ஒரு பக்கம் சாய்வதற்குச் சமம் இது. தாழ்ந்த விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது நாலு பேர் படகு; கம்பெனிப் பட்டியலில் ஆறு என்று போட்டிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சரியான பாரத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் சுற்றிலும் சிவப்புக் கோடு. கோடு மறைந்தால் படகு கிளம்பக் கூடாது. வரிசையில் நிற்கும் பாட்டிகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 விசைப்படகுக்குப் பதிவையும் ஆய்வையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இயந்திரமில்லாத படகையும் உள்ளாட்சிகள் பதிவு செய்ய அதில் வழி இருக்கிறது. நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அந்த வழியைப் பயன்படுத்த வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கரையிலிருந்து புறப்படும் படகுக்கு நண்பகலுக்கு மேல் அடிக்கும் கடற்காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். போவது சுகம். திரும்பும்போதுதான் தெரியும். பெடல் போட் மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர். எதிர்க்காற்றில் அதிலும் பாதி. அரை மணி வாடகை என்றால் பத்தாவது நிமிடம் திரும்பச் சொல்லித் துறையில் கொடி காட்ட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் மேற்கே கறுத்து இடி வரும். இடி கேட்டதும் எல்லாப் படகும் கரைக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால் ஏரிப் படகுக்கும் விடுமுறை. அக்டோபர் நடுவில் இருந்தே கலிங்கலுக்கும் மதகுக்கும் நூறு மீட்டர் முன்னால் மிதவைக் கயிறு கட்டியிருக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் கலிங்கல் இழுக்கும் இழுப்பில் சங்கிலியில் கட்டிய படகும் நிற்காது. மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைப்பதுதான் ஒரே வழி.

ஊசுட்டேரிக்கு இந்தக் காற்றும் வெயிலும் ஒரு நேர அட்டவணையையே எழுதித் தருகின்றன. கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பவருக்குக் காலை வெயில் முதுகில் விழும், பறவையின் மேல் நேராக விழும்; நாமக்கோழியின் நெற்றி வெள்ளை கண்ணுக்கே தெரியும். மாலையில் எல்லாம் கறுப்பு நிழல். ஆகவே ஆறு முதல் ஒன்பது வரை பறவை பார்ப்பவர்களுக்கு. மூங்கில் தட்டியில் மறைப்பு, பெரியவர்களுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு திறப்பு, பிள்ளைகளுக்கு ஒரு மீட்டரில் ஒன்று. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, ஊசிவால் வாத்து இவற்றைப் பார்க்கப் படகே வேண்டாம். ஒரு படகின் விலையில் பல நல்ல தொலைநோக்கிகள் வாங்கலாம். மீனவர் மாலையில் போட்ட வலையை எடுப்பதும் அதே காலை நேரத்தில்தான். ஒன்பதரைக்குப் பிறகு ஒரு மணி வரை துடுப்புப் படகு. அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைக் கூட்டத்துக்கு நூறு மீட்டருக்குள் போகக் கூடாது. தலை தூக்கிப் பார்க்கின்றன, மெல்ல நீந்தி விலகுகின்றன என்றால் ஏற்கெனவே நெருங்கிவிட்டோம். பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஏரியிலும் சூரியன் மறைய அரை மணி முன்னதாகக் கடைசிப் படகு கரையில் இருக்க வேண்டும். தானூர் விபத்து இருட்டிய பிறகு நடந்தது.

நகர ஏரிகளில் குளிக்க, நீந்த விடலாமா? சாக்கடை வரும் வாய்க்கால் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறுதியாகும் வரை கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுகள் தெளிவானவை: குளிக்கும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது, மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா நூறு மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. கயாக் கவிழ்ந்தால் வாயில் தண்ணீர் போகும் என்பதால் அதற்கும் இதே அளவு. சோதனை முடிவைத் துறையிலேயே பலகையில் எழுத வேண்டும், தேதியோடு. நல்ல மழை பெய்து மூன்று நாள் கயாக் விடக் கூடாது. தெருவெல்லாம் கழுவிய தண்ணீர் அப்போதுதான் வந்து சேரும், எலிக்காய்ச்சலும் அதோடு வரும். ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வாரிக் கரைமேல் குவிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். காட்டாமணக்குத் தண்டு ஈர மண் பட்டால் மறுபடி துளிர்க்கும். வாரிய அன்றே லாரியில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் எழுதி வைத்தாலும் குத்தகை ஆவணம் தவறாக இருந்தால் பயனில்லை. அதிகத் தொகை கேட்டவருக்கு ஆண்டுக் குத்தகை என்றால் என்ன ஆகும்? அவர் போட்ட பணத்தை 365 நாளில் எடுக்கப் பார்ப்பார். கூண்டு ஏறினாலும் ஓட்டுவார், மட்டம் இறங்கினாலும் ஓட்டுவார், ஆறு பேர் படகில் ஒன்பது பேரை ஏற்றுவார். அவரைத் திட்டி என்ன செய்ய, கணக்கு அப்படி. ஓடிய நாளுக்கு மட்டும் குத்தகை வாங்குங்கள். மட்டமோ காற்றோ தடுத்த நாளுக்குத் தொகை கிடையாது. கட்டணம் தலைக்கு வேண்டாம், படகுக்கு. ஏழாவது ஆளை ஏற்றினாலும் காசு அதிகம் கிடைக்காது என்றால் ஏற்ற மாட்டார். மீட்பாளர்கள் இருவர் துறையில் இல்லாத நேரம் ஓடினால் உரிமம் ரத்து. அந்த மீட்பாளர் வேலையை அந்தந்த ஏரி மீனவருக்கே கொடுப்பது நல்லது. எங்கே குழி, எங்கே வலை, எங்கே வேலமரக் கட்டை மூழ்கியிருக்கிறது என்பது அவர்களுக்கு இருட்டிலும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி: நீர்மட்டத்தின் மேல் குத்தகைதாரருக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் மார்ச் மாதம் மதகைத் திறக்க விவசாயி கேட்பார், படகு தரைதட்டும் என்று குத்தகைதாரர் மூடச் சொல்வார், நடுவில் இளநிலைப் பொறியாளர் மாட்டிக்கொள்வார். ஏரி யாருக்காக வெட்டியதோ அவர்களுக்கே முதல் தண்ணீர்.

கடலூர்ப் பக்கத்து வாசகர்களும் இதைக் கவனிக்கலாம். வீராணத்தில் படகு வேண்டும் என்ற ஆசை அங்கேயும் எழலாம். அது சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி, எனவே பெட்ரோல் இயந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிச்சாவரத்தில் துடுப்புப் படகு குறுகிய கால்வாய்களுக்குள் போகிறது, விசைப்படகு அகன்ற நீரில் நிற்கிறது. அந்தப் பிரிவினை சரியான முன்மாதிரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள் உங்கள் நாளிதழுக்கே. மேட்டூர், சாத்தனூர், வீராணம் நீர்மட்டத்தை வெளியிடுகிறீர்கள். வாரம் ஒரு முறை ஊசுட்டேரி, பாகூர், வேல்ராம்பட்டு, கனகன் ஏரிகளின் மட்டத்தையும், அன்று படகு ஓடத் தகுதி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து வெளியிட்டால் திட்டம் போடுபவர்களுக்கும் படகு ஏறுபவர்களுக்கும் ஒரே எண் கண்ணில் படும். அதற்கு மதகுச் சுவரில் சென்டிமீட்டர் குறித்த அளவுகோல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். மங்கியிருந்தால் புதிதாக எழுத ஒரு பெயின்டருக்கு அரை நாள் வேலை. மதகின் அடிக்கல் வெளியே தெரியும் ஆவணி மாதத்தில் செய்தால் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
நீர்ப்பாசனப் பொறியாளர் (ஓய்வு),
வில்லியனூர், புதுச்சேரி.